எழுதியவர் பெயர் எங்கே?

நுழையும்முன்

ஒருவர் எழுதி இணையத்தில் வெளியிட்ட கட்டுரையை மற்றொரு தளம் எடுத்துத் தன் பக்கத்தில் வெளியிடுவது இன்று அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டது. படிப்போர் பலர் அதைத் தவறாகவே கருதுவதில்லை. அவ்வாறு வெளியிடுவதில் எது பகிர்வு, எது கவர்வு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு கட்டுரையின் பயணம்

மும்பை மாதுங்கா பகுதியில் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். அங்கு வாழும் ஓர் அம்மையார், தம் தெருவில் தமிழ்க் குடும்பங்கள் வந்து குடியேறிய வரலாற்றை எழுத விரும்பினார் எனக் கொள்க. அவர் முதியோர் பலரைக் கண்டு உரையாடினார். பழைய ஒளிப்படங்களைத் தேடிப் பெற்றார். ஒருவர் கூறியதை மற்றொருவர் கூற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார். மூன்று மாத உழைப்புக்குப் பின் கட்டுரை உருவாயிற்று. அதனைத் தம் வலைப்பூவில் வெளியிட்டார்.

சில நாள்களில் அதே கட்டுரை வேறொரு தளத்தில் காணப்பட்டது. சொற்கள் அவருடையவை, படங்கள் அவர் திரட்டியவை, அவர் பெயர் மட்டும் இல்லை. அங்கிருந்து அது மூன்றாவது தளத்துக்குச் சென்றது. பின்னர், ‘படித்ததில் பிடித்தது’ என்னும் தலைப்புடன் வாட்சப் குழுக்களில் உலவியது. இறுதியில் அது அம்மையாரின் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது. அனுப்பிய உறவினர், “நம் தெருவைப் பற்றி யாரோ அருமையாக எழுதியிருக்கிறார்கள், பாருங்கள் அக்கா” என்று குறிப்பும் எழுதியிருந்தார்.

இதனால் அவருக்கு நேர்ந்த இழப்பு வெளிப்படையானது. ஆனால் படிப்போருக்கும் இழப்பு உண்டு. ஒரு குடும்பம் மும்பைக்கு வந்த ஆண்டை அவர் 1934 என எழுதியிருந்தார். முதியவர் ஒருவர் பழைய கடிதம் ஒன்றைக் காட்டி, அது 1943 என விளக்கினார். அம்மையார் உடனே தம் பக்கத்தைத் திருத்தினார். பிற தளங்களில் இருந்த படிகளிலோ 1934 என்றே நின்றது. அப்படியைப் பார்த்துப் பள்ளி ஒப்படைவு எழுதும் மாணவர் பிழையையே உண்மையெனக் கொள்வார். ஐயம் எழுந்தாலும் அவர் யாரிடம் கேட்பார்? அங்கே கேட்பதற்கு ஒரு பெயர் இல்லை.

எழுத்தின்கீழ் இருக்கும் பெயர் பெருமைக்காக மட்டும் இடப்படுவதன்று. ‘இச்சொற்களுக்கு நானே பொறுப்பு’ என்று எழுதியவர் அளிக்கும் உறுதி அது. பெயரை நீக்குபவர் அப்பொறுப்பையும் நீக்கிவிடுகிறார்.

படியெடுக்கும் வழியும் நோக்கமும்

அச்சு நூல் ஒன்றைத் திருட்டுத்தனமாக வெளியிட விரும்பியவருக்கு முற்காலத்தில் அச்சகம், தாள், ஆள், பணம் ஆகியன தேவைப்பட்டன. இணையத்தில் ஒரு பக்கத்தைப் படியெடுக்கச் சில நொடிகள் போதும். கையால் படியெடுப்போர் சிலர். கணினி நிரல்களைக் கொண்டு படியெடுப்போர் வேறு சிலர். பல தளங்கள் தம் புதிய பதிவுகளை வாசகருக்கு அறிவிக்க ‘செய்தியோடை’ என்னும் வசதியை வைத்துள்ளன. அவ்வோடையைப் பின்தொடரும் நிரல், புதிய கட்டுரை வெளிவந்தவுடன் அதனை முழுமையாக எடுத்து வேறொரு தளத்தில் இட்டுவிடுகிறது.

இதன் நோக்கம் பெரும்பாலும் விளம்பர வருவாய். பக்கத்தைப் பார்ப்போர் பெருகினால் விளம்பர வருவாயும் பெருகும். எழுதும் உழைப்பு ஒருவருடையது. அதனால் வரும் ஊதியம் மற்றொருவருடையது. தேடுபொறியில் தேடும்போது, மூலப்பக்கத்தை முந்திக்கொண்டு அதன் படியே முதலில் தோன்றுவதும் உண்டு.

எடுப்போர் அனைவரும் தீய எண்ணம் உடையவர் அல்லர். ‘நல்ல செய்தி நாலு பேருக்குச் சென்று சேரட்டும்’ என்று எண்ணிப் பகிர்வோரே மிகுதி. நல்லெண்ணத்தோடு பகிர்வோர், எழுதியவர் பெயரையும் மூலப்பக்கத்தின் இணைப்பையும் சேர்த்துப் பகிர்ந்தால் அவ்வெண்ணம் முழுமை பெறும்.

எழுத்து யாருக்கு உரியது?

‘இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது எல்லோருக்கும் பொது’ என்னும் எண்ணம் பலரிடம் உள்ளது. அது சரியன்று. கோடைக்காலத்தில் ஊர்ப்பொதுவில் தண்ணீர்ப்பந்தல் வைக்கின்றனர். வழிப்போக்கர் எவரும் வேண்டிய அளவு நீர் அருந்தலாம். எவரும் காசு கேட்பதில்லை. ஆயினும் பந்தலில் உள்ள பானையைத் தூக்கிச் சென்று, அடுத்த தெருவில் தம் பெயரில் பந்தல் அமைக்க எவருக்கும் உரிமை இல்லை. படிக்கக் கொடுப்பது வேறு. உரிமையைக் கொடுப்பது வேறு.

இந்தியாவில் இவ்வுரிமையைப் பாதுகாப்பது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஆகும். ஒருவர் தாமே சிந்தித்து எழுதிய கட்டுரை, கதை, கவிதை ஆகியவற்றுக்கு, எழுதி முடித்த அப்பொழுதே உரிமை பிறந்துவிடுகிறது. அதற்கெனப் பதிவு செய்துகொள்வது கட்டாயமன்று. தாளில் எழுதினாலும் இணையத்தில் எழுதினாலும் சட்டம் ஒன்றே.

எழுத்தாளரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் இவ்வுரிமை நீடிக்கும். முதலில் இக்காலம் 50 ஆண்டுகளாகவே இருந்தது. 1941இல் மறைந்த இரவீந்திரநாத் தாகூரின் நூல்களுக்கான உரிமை 1991உடன் முடிவடைய இருந்தது. அவ்வுரிமை விசுவபாரதிப் பல்கலைக்கழகத்திடம் இருந்தது. அந்நிலையில் 1992இல் சட்டம் திருத்தப்பட்டு, 50 என்பது 60 ஆயிற்று.

இச்சட்டத்தின் 57ஆம் பிரிவு சிறப்பானது. எழுத்தாளர் தம் உரிமையை விற்றுவிட்டாலும், ‘இதனை எழுதியவர் நானே’ என்று கூறும் உரிமை அவரிடமே இருக்கும். தம் புகழுக்குக் கேடு வரும் வகையில் படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. பொருளை விற்கலாம், எழுதியவர் என்னும் நிலையை விற்க இயலாது என்பதே இதன் கருத்து.

கருத்து வேறு, சொல்வடிவம் வேறு

அவ்வாறாயின், ஒருவர் எழுதிய பொருளைப் பற்றி வேறொருவர் எழுதவே கூடாதா? எழுதலாம். இதனை விளக்கும் வழக்கு ஒன்று தில்லியில் தோன்றியது.

ஆர்.ஜி. ஆனந்த் என்பவர் 1953இல் ‘ஹம் இந்துஸ்தானி’ என்னும் நாடகத்தை எழுதினார். பஞ்சாபிக் குடும்பம் ஒன்றும் தமிழ்க் குடும்பம் ஒன்றும் அருகருகே வாழ்வதையும், மாநிலப் பற்று மிகுந்து பகையாவதையும் அது காட்டியது. 1956இல் ‘நியூ டெல்லி’ என்னும் இந்தித் திரைப்படம் வெளிவந்தது. அதிலும் பஞ்சாபி இளைஞர் ஒருவரும் தமிழ்ப் பெண் ஒருவரும் முதன்மை மாந்தர்கள். தம் நாடகமே படமாக்கப்பட்டுள்ளது என்று ஆனந்த் வழக்குத் தொடுத்தார். உச்ச நீதிமன்றம் 1978இல் தீர்ப்பு வழங்கியது. கருத்துக்கோ கதைக்கருவுக்கோ பதிப்புரிமை இல்லை. அதனை ஒருவர் வெளிப்படுத்திய வடிவத்துக்கே உரிமை உண்டு என்று நீதிமன்றம் கூறியது. படம் நாடகத்தின் படியன்று என்றும் முடிவு செய்தது.

எனவே மாதுங்காத் தமிழரைப் பற்றி எவரும் எழுதலாம். தாமே கேட்டு, ஆராய்ந்து, தம் சொற்களில் எழுத வேண்டும். அம்மையாரின் சொற்களை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் உரிமை மீறல்.

எடுத்தாளத் தகும் இடங்கள்

சட்டம் எல்லா வாயில்களையும் அடைத்துவிடவில்லை. தம் சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும், ஒரு படைப்பைத் திறனாய்வு செய்வதற்கும் உரிய அளவில் அதன் பகுதியை எடுத்தாளலாம். கற்பித்தலின்போது ஆசிரியரும் மாணவரும் பயன்படுத்திக்கொள்ளவும் இடம் உண்டு.

உரிமைக் காலம் முடிந்த நூல்கள் அனைவருக்கும் பொதுவானவை. சங்க இலக்கியமும் திருக்குறளும் அத்தகையன. சில எழுத்தாளர்களின் நூல்களை அரசே பெற்று மக்களுக்குப் பொதுவாக்குவதும் உண்டு. அதனை ‘நாட்டுடைமை ஆக்குதல்’ என்பர். பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்றது. பின்னர் அவை மக்களின் பொதுவுடைமையாயின. பாரதிதாசன், கல்கி, புதுமைப்பித்தன் ஆகியோரின் படைப்புகளும் நாட்டுடைமை ஆக்கப்பட்டுள்ளன.

எழுத்தாளரே முன்வந்து இசைவு அளிப்பது மற்றொரு வழி. ‘என் பெயரைக் குறிப்பிட்டு எடுத்துக்கொள்க’ என்று முன்கூட்டியே அறிவிக்கும் உரிமங்கள் உள்ளன. ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்னும் அமைப்பு அத்தகைய உரிமங்களை 2002இல் முதன்முதலாக வெளியிட்டது. தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகளை இவ்வகை உரிமத்தின்படி எவரும் மீண்டும் வெளியிடலாம். ஆனால் மூலத்தைக் குறிப்பிட வேண்டும். மாற்றி எழுதி வெளியிடுவதையும் அதே உரிமத்தின்கீழ்ப் பிறருக்கு வழங்க வேண்டும்.

தமிழ் மரபில் ஆக்கியோன் பெயர்

இந்நெறி தமிழருக்குப் புதியதன்று. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு நூலின் சிறப்புப்பாயிரத்தில் கூறவேண்டிய செய்திகளாக எட்டினை வகுக்கிறது. அவற்றுள் முதலாவது ஆக்கியோன் பெயர்; இரண்டாவது, அந்நூல் எதன் வழிவந்தது என்பது. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என நூல்களையும் அது மூவகைப்படுத்துகிறது. முன்னோர் நூலைத் தழுவி எழுதுவது இழிவன்று. எதனைத் தழுவியது என்பதை மறைக்கலாகாது.

உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்தார். அவர் தம் பதிப்புகளின் முகவுரைகளில் சுவடி கொடுத்து உதவியோரின் பெயர்களை நன்றியோடு குறித்தார்.

பெயர் மறைந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கும் தமிழில் சான்று உண்டு. குறுந்தொகைப் புலவர் சிலரின் இயற்பெயர் இன்று தெரியவில்லை. அவர்தம் பாடலில் வரும் அழகிய தொடரைக் கொண்டே செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார் என்று அவர்களை அழைக்கின்றோர் தமிழ்மக்கள். பெயர் தெரியாத நிலையிலும் பாடியவருக்கு ஓர் அடையாளம் தர முயன்றது அன்றைய தமிழுலகம். பெயர் தெரிந்திருந்தும் அதனை அழிப்பது எவ்வளவு பெரிய தவறு!

செய்ய வேண்டுவன

பிறர் எழுத்தை முழுமையாக வெளியிட விரும்புவோர் முதலில் அவரிடம் இசைவு பெற வேண்டும். இசைவு கிடைக்காவிடில், சில வரிகளை மட்டும் மேற்கோள் குறிக்குள் தந்து, எழுதியவர் பெயர், கட்டுரைத் தலைப்பு, வெளியான நாள், இணைப்பு ஆகியவற்றைக் குறிப்பிடலாம். ‘நன்றி: இணையம்’ என்று எழுதுவது எவருக்கும் நன்றி கூறியதாகாது.

தம் எழுத்தைப் பிறர் எடுத்துக்கொண்டதைக் கண்டவர், முதலில் அப்பக்கத்தை நாள் தெரியுமாறு படமாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் அத்தளத்தாருக்குப் பணிவாகவும் தெளிவாகவும் கடிதம் எழுத வேண்டும். பல நேரங்களில் அதுவே போதுமானதாகும். பயனில்லையெனில், தேடுபொறி போன்று அப்பக்கத்துக்கு இணைப்பு வழங்கும் இடைநிலை நிறுவனத்திடம் முறையிடலாம். முறையீடு தகுதியுடையது எனக் கண்டால், அந்நிறுவனம் 36 மணி நேரத்துக்குள் அணுகலைத் தடுக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகள் கூறுகின்றன. முறையிட்டவர் 21 நாள்களுக்குள் நீதிமன்ற ஆணை பெறாவிடில் அத்தடை நீங்கலாம். மாணவராயின், பெற்றோர் அல்லது ஆசிரியர் துணையுடன் இவற்றைச் செய்வதே முறை.

மாதுங்கா அம்மையார் தம் உறவினருக்கு மூலக் கட்டுரையின் இணைப்பை அனுப்பினார். உறவினர் அதனைத் திறந்து பார்த்தார். கட்டுரையின் இறுதியில் தம் அக்காவின் பெயரும், 1943 எனத் திருத்தப்பட்ட குறிப்பும், கடிதம் காட்டிய முதியவருக்கு நன்றியும் இருந்தன. அவர் தாம் அனுப்பிய குழுக்கள் அனைத்துக்கும் அவ்விணைப்பை மீண்டும் அனுப்பினார்.

சொற்பொருள்

கவர்வு – பறித்துக்கொள்ளுதல்
இசைவு – ஒப்புதல்
ஆக்கியோன் – இயற்றியவர்
பாயிரம் – முன்னுரை
முன்றில் – வீட்டின் முற்றம்
ஒப்படைவு – மாணவர் எழுதித் தரும் செயல்திட்டம்

பயிற்சி

1. எழுத்தின்கீழ் உள்ள பெயரை நீக்குவதால் படிப்போருக்கு நேரும் இழப்பு யாது?
2. தண்ணீர்ப்பந்தல் உவமை வழி உணர்த்தப்படும் கருத்தை எழுதுக.
3. ‘நியூ டெல்லி’ திரைப்பட வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிய முடிவை விளக்குக.
4. நாட்டுடைமை ஆக்குதல் என்றால் என்ன? இரண்டு எழுத்தாளர்களின் பெயர்களைக் குறிப்பிடுக.
5. ‘நன்றி: இணையம்’ என்று எழுதுவது ஏன் பொருந்தாது?

செயல்பாடு

உங்கள் நகரில் தமிழர் குடியேறிய வரலாற்றை, வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள பெரியோர் இருவரிடம் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக. செய்தி கூறியோரின் பெயர்களை, அவர்தம் இசைவுடன், இறுதியில் குறிப்பிடுக.