‘வந்தறோமுங்க’ என்றவர் வரவில்லை! கோழி ஷெட் கழுவ ஆள் தேடும் பொங்கலூர்

பொங்கலூர்,-

கோழி ஏற்றியாகிவிட்டது. ஷெட் காலி. அடுத்த குஞ்சு இறங்கும் தேதியும் சொல்லியாகிவிட்டது. ஆனால் ஷெட்டைக் கூட்டிக் கழுவ ஆள்தான் இல்லை!

பொங்கலூர் வட்டாரத்தில் கோழிப்பண்ணைகளைச் சுத்தம் செய்து கொடுப்பதையே தொழிலாக நடத்தும் சின்னக் குழுக்காரர்களின் அன்றாடப் பாடு இது.

இவர்களிடம் பெரிய முதலீடு கிடையாது. ஒரு சரக்கு ஆட்டோ, ஒரு தண்ணீர் பம்பு, மண்வெட்டி, கூடை, கூடவே நிரந்தரமாக மூன்று நாலு பேர். அவ்வளவுதான். இரண்டு பண்ணையில் ஒரே நேரத்தில் வேலை வந்துவிட்டால், மேற்கொண்டு நாலு பேரை ஒரு நாள், இரண்டு நாளைக்குக் கூப்பிட வேண்டும். அந்த நாலு பேரைத் தேடுவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடுகிறது.

அப்படி என்ன வேலை?

பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் நடுவே, திருச்சி ரோட்டில் இருக்கிறது பொங்கலூர். ரோட்டை விட்டு உள்ளே இறங்கினால் தென்னந்தோப்பு, சின்ன வெங்காயக் காடு, நடுநடுவே நீளநீளமான கோழி ஷெட்டுகள். உடுமலைப்பேட்டையில் 1984-ல் சுகுணா நிறுவனம் தொடங்கப்பட்டது. பிறகு 1990-களில் ஒப்பந்தக் கோழி வளர்ப்பு இந்தப் பக்கம் வேகமாகப் பரவியது. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி கொடுக்கும். ஷெட்டும் உழைப்பும் விவசாயியுடையது. கோழி வளர்ந்ததும் எடைக்கு இவ்வளவு என்று கூலி.

ஒரு கோழிக்கு ஏறக்குறைய ஒரு சதுர அடி இடம் வேண்டும். 5 ஆயிரம் கோழி என்றால், 20 அடி அகலத்தில் 250 அடி நீளத்துக்கு ஷெட்! கீழே தேங்காய் நார்த்தூள் பரப்பி, அதன் மேல் 40, 45 நாள் கோழி வளருகிறது. அத்தனை நாள் எச்சமும் அந்தத் தூளிலேயே ஊறிக் கிடக்கும்.

கோழி போனதும் அதைச் சுரண்டி அள்ளி வெளியே கொட்ட வேண்டும். அள்ள அள்ள ‘அமோனியா’ வாயு கிளம்பும். கண் எரியும். தொண்டை கமறும். பிறகு தீவனத் தட்டு, தண்ணீர் கிண்ணம் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். ஒட்டிக்கிடக்கும் இறகைத் தீ வைத்துப் பொசுக்க வேண்டும். தரையைக் கழுவிக் காயவிட்டு, சுண்ணாம்பு அடித்து, மருந்து தெளிக்க வேண்டும். அடுத்த குஞ்சு வருவதற்குள் ஷெட் சில நாளாவது சும்மா காய்ந்து கிடந்தால்தான் பழைய நோய் புதுக் குஞ்சைத் தொற்றாது.

ஆகவே ஒரு நாள் ஆள் வராவிட்டால் ஒரு நாள் நஷ்டம் என்று மட்டும் கணக்குப் போட முடியாது. சுத்தம் அரைகுறையாகி குஞ்சு செத்தால், பண்ணைக்காரர் அடுத்த முறை வேறு குழுவுக்குப் போன் போடுவார். இந்தத் தொழிலில் ஒரு பண்ணை கைவிட்டுப் போனால், பேச்சு பரவி நாலு பண்ணை போய்விடும்.

‘வேன்’ வந்துவிட்டது!

ஆள் எங்கே போய்விட்டது? திருப்பூருக்குத்தான்!

விடிந்தால் போதும், பனியன் கம்பெனி ‘வேன்’ ஊருக்குள்ளேயே வந்து நிற்கிறது. கம்பெனியில் நிழலில் வேலை. ‘ஒன்றரை ஷிப்ட்’ பார்த்தால் கூலி கூடும். சனிக்கிழமை சம்பளம், தீபாவளிக்கு போனஸ். அங்கே போகிறவரிடம் “கோழி எரு அள்ள வர்றியா?” என்று கேட்டால் சிரித்துவிட்டுப் போகிறார்.

மிச்சம் இருப்பவர்களையும் சின்ன வெங்காயம் இழுத்துக்கொள்கிறது. பறிப்பு நேரத்தில் பெண் ஆள் ஒருவர்கூட சிக்கமாட்டார். இன்னொரு பக்கம் நூறு நாள் வேலை. 2025-26-ம் ஆண்டுக்கு அந்த வேலைக்கு 336 ரூபாய் நாள் கூலி என்று தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்தார்கள். எருவில் நிற்கச் சொல்கிறவர் அதைவிடக் கூடக் கொடுத்தால்தானே திரும்பிப் பார்ப்பார்கள்? அது நியாயம்தான்.

வட மாநில ஆட்களை நம்பலாம் என்று பல பண்ணைகள் குடும்பத்தோடு கூட்டிவந்து தங்க வைத்தன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மே மாதம் சிறப்பு ரெயில்கள் விட்டதும் கூட்டம் கூட்டமாக ஊருக்குப் போனார்கள். 2023 மார்ச்சில் பீகார்காரர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியது. பீகாரில் இருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்துவிட்டுப் போனது. வதந்தி அடங்குவதற்குள் ஹோலியும் சேர்ந்துகொள்ள, ஒரு பகுதியினர் மூட்டை கட்டிவிட்டார்கள்.

முதல் கேள்வி என்ன தெரியுமா?

“எத்தனை ரூவா தருவீங்க?” என்பதுதான் முதல் கேள்வி என்று நினைத்தால் தப்பு.

“ஏனுங்ணா, பொழுதோட திரும்பக் கொண்டாந்து யாரு உடுவாங்க?” என்பதே பல பெண்களின் முதல் கேள்வி! பண்ணைகள் பஸ் ரோட்டை விட்டுத் தள்ளி, காட்டுக்குள் இருக்கின்றன. இருட்டில் நடந்து வர யாருக்கு மனம் வரும்? காலையில் ஆட்டோவில் ஏற்றிப்போய், மாலையில் “நீங்களே போயிக்குங்க” என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், மறுதடவை போனை எடுக்கமாட்டார்கள். “ஒடம்பு செரியில்லீங்ணா” என்று பதில் வரும். வந்தால் அதுவே மரியாதை.

கம்பெனிக்குப் போகாமல் ஊரில் இருக்கும் பெண்களில் பலருக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உண்டு. காலை ஒன்பதரைக்கு மேல் வரலாம், நாலு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். எரு அள்ளுகிற வேலையை அந்த நேரத்துக்குள் வைத்துக்கொள்ளும் குழுக்காரருக்கு அதே முகங்கள் திரும்பத் திரும்பக் கிடைக்கின்றன. ஆறு மணிக்கே வந்தாக வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்கு தினம் ஒரு புது முகம்! ஒற்றை ஆளாகக் கூப்பிட்டாலும் நடக்காது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேராக வந்தால், ஒருவர் தயங்கினாலும் மற்றவர் இழுத்துக்கொண்டு வருவார்.

பனியன் கம்பெனியால் கொடுக்க முடியாத ஒன்று இவர்கள் கையில் இருக்கிறது. அன்றைக்குக் கூலி அன்றைக்கே கையில்! சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். இதையும் “நாளைக்கு வாங்கிக்க கண்ணு” என்று தள்ளிவிடும் புத்திசாலிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆள் கிடைக்காததில் ஆச்சரியம் என்ன?

முன்பணம் கொடுத்துக் கட்டிப்போடப் பார்ப்பவர்களும் உண்டு. கொடுத்த பணத்தைக் காட்டி ‘வந்தே தீரணும்’ என்று மிரட்டினால், 1976-ம் வருடத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் குறுக்கே வந்து நிற்கும். ஜாக்கிரதை!

‘அந்தத் தொட்டியையும்...’

ஆள் கிடைத்துவிட்டால் அதோடு கவலை தீர்ந்ததா? இல்லை.

ஷெட் வேலை முடிகிற நேரத்தில் “அப்படியே அந்தக் கக்கூஸ் தொட்டியையும் எடுத்து உட்றுங்க, தனியாக் காசு தர்றேன்” என்று ஒரு பேச்சு வரும். நிரந்தர ஆள் என்றால் அது என்ன தொட்டி, எத்தனை நாள் மூடிக்கிடந்தது என்று தெரிந்து தயங்குவார். இன்றைக்கு ஒரு நாள் வந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது. கூடுதல் காசு என்றதும் இறங்கிவிடுவார்.

2025 மே மாதம் பல்லடத்துக்குப் பக்கத்தில் கரைப்புதூரில் ஒரு சாயப்பட்டறையில் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளர்கள் 3 பேர் விஷவாயு தாக்கிச் செத்தார்கள்.

மூடிய தொட்டியில் ஊறும் வாயு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. ‘வாடையே இல்லையே’ என்று இறங்குகிறவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் சாவது இப்படித்தான்.

பாதுகாப்புக் கவசம் இல்லாமல் யாரையும் செப்டிக் டேங்கில் இறக்கக்கூடாது என்று 2013-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இறந்தால் 10 லட்சம் கொடு என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அப்படியும் இந்த வேலைக்கு எந்தத் தெருவுக்குப் போய் ஆள் கூப்பிடுகிறார்கள் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம்.

உறிஞ்சும் லாரி இருக்கிறது. 14420 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்கிறார்கள். விவரம் தெரிந்த குழுக்காரர்கள் தொட்டி வேலை என்றாலே “அது நம்ம வேலை இல்லீங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிடுகிறார்கள். புது ஆளை ஆட்டோவில் ஏற்றும்போதே, “பண்ணைக்காரரு எவ்வளவு காசு தர்றேன்னாலும் தொட்டி மூடியத் தொடப்படாது” என்று சொல்லியும் வைக்கிறார்கள்.

அதனால் அந்தப் பண்ணை கைவிட்டுப் போனாலும் போகட்டும் என்கிறார்கள். அடுத்த வேலைக்கு ஆள் வரவேண்டுமே! கூட வந்த ஒரு பெண் ஊருக்குள் போய் “அந்தண்ணன் கண்ட எடத்துல எறக்கமாட்டாரு” என்று சொன்னால், மறுவாரம் கூப்பிடாமலே இரண்டு பேர் ஆட்டோ பக்கத்தில் வந்து நிற்கிறார்கள்.

திங்கட்கிழமை மட்டும் யாரும் பண்ணைக்காரருக்கு வாக்குக் கொடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறும் கல்யாணமும் முடிந்து எத்தனை பேர் எழுந்து வருவார்கள் என்பது, காலையில் ஆட்டோ கிளம்பும்போதுதான் தெரியும்!