கேமிங் கம்ப்யூட்டர்: கம்பெனி செட்டா, அசெம்பிள் செட்டா?

பிளஸ் டூ முடித்த பையன் இருக்கும் வணிகர் வீடுகளில் இப்போது ஒரே கோரிக்கைதான்: "அப்பா, கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும்." விலையைக் கேட்டால் எழுபதாயிரம், ஒரு லட்சம், அதற்கு மேலும் சொல்கிறார்கள். கிலோவுக்கு ஐம்பது காசு குறைக்க மொத்தக் கடையில் அரைமணி நேரம் நிற்கும் நாம், இந்தத் தொகையை மட்டும் போனில் காட்டிய படத்தைப் பார்த்துக் கொடுத்துவிடுகிறோம். கம்பெனியே பூட்டி விற்கும் செட்டை வாங்குவதா, பாகங்களைத் தனித்தனியே வாங்கிப் பூட்டுவதா என்று உறுப்பினர்கள் சிலர் நம்மிடம் கேட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

சாம்பார்ப் பொடியைப் பாக்கெட்டாக வாங்குவதற்கும், மல்லி, மிளகாய் வாங்கி மில்லில் அரைப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. பாக்கெட்டில் வேலை மிச்சம். ஆனால் உள்ளே எது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது அரைத்தவனுக்குத்தான் தெரியும்.

கேமிங் கம்ப்யூட்டரில் பெரும்பணம் போவது கிராபிக்ஸ் கார்டுக்கு. விளம்பரத்தில் "ஐ7, 16 ஜி.பி. ராம்" என்று பெரிய எழுத்தில் போட்டு, கார்டின் பெயரைக் கடைசி வரியில் போட்டிருந்தால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும். பெயர் இருந்தாலும் போதாது. ஆர்.டி.எக்ஸ். 3060 என்ற கார்டு 12 ஜி.பி.யிலும் வந்தது, பிறகு 8 ஜி.பி.யிலும் வந்தது, பின்னது வேகத்திலும் குறைவு. 2025-ல் வந்த 5060 டிஐ கார்டிலும் 16, 8 என்று இரண்டு உண்டு. அதே உறையில் எடையைக் குறைத்து வரும் பிஸ்கட் பாக்கெட் நமக்குத் தெரியாததா?

கம்பெனி செட்டில் கை வைக்கும் இடங்கள் இன்னும் இரண்டு. ஒன்று ராம். 8 ஜி.பி. துண்டு இரண்டு போட வேண்டிய இடத்தில் 16 ஜி.பி. ஒற்றைத் துண்டைப் போட்டுவிடுவார்கள். கணக்கு ஒன்றுதான், ஆனால் இரண்டு துண்டு போட்டால் இரண்டு தராசில் நிறுப்பது போல வேலை விரைவாக நடக்கும். மற்றொன்று கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி. வெளியில் தெரியாத பாகம் என்பதால் மலிவானதைப் போடுவார்கள். அது வெடித்தால் மற்றப் பாகங்களையும் கொண்டுபோகலாம். சில கம்பெனிகள் தங்கள் செட்டுக்கு மட்டுமே பொருந்தும் மதர்போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் வைக்கின்றன, பிறகு மாற்ற நினைத்தால் அவர்களிடமே போக வேண்டும்.

அப்படியானால் அசெம்பிள்தான் லாபமா? எப்போதும் அல்ல. 2021-ல் கிரிப்டோ காசு தோண்டுகிறவர்கள் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனபோது, தனிக் கார்டு விலை தாறுமாறாக ஏறி, முழுச் செட்டு வாங்குவதே மலிவு என்ற நிலை வந்தது. 2025 இறுதியில் ஏ.ஐ. நிறுவனங்களின் தேவையால் ராம் விலை கடுமையாக ஏறியது. அப்போதும், பழைய விலையில் தேங்கியிருந்த செட்டு கிடைத்தவர் பிழைத்தார். ஆகவே அன்றைய மார்க்கெட்டைப் பார்க்க வேண்டும். செட்டில் உள்ள ஒவ்வொரு பாகத்தின் முழுப் பெயரையும் எழுதி வாங்கி, அந்தப் பட்டியலுக்கு இரண்டு கடைகளில் விலை கேளுங்கள். வரும் வித்தியாசம்தான் பூட்டுக் கூலியும் சர்வீசும். பட்டியல் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

வாரண்டியிலும் கணக்கு உண்டு. செட்டுக்குப் பெரும்பாலும் ஓராண்டு. ஆனால் பல கம்பெனிகளில் ஆள் வீட்டுக்கே வருவார். தனிப் பாகங்களில் பெட்டியோடு வரும் பிராசசருக்கு மூன்று ஆண்டு, நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு ஐந்து ஆண்டுக்கு மேலும் உண்டு. ஆனால் எந்தப் பாகம் கெட்டது என்று நாமே கண்டுபிடித்து, நாமே சுமந்துபோக வேண்டும். சென்னையில் இருப்பவருக்கு ரிச்சி தெரு பஸ் தூரம். தேனியிலும் ராமநாதபுரத்திலும் இருப்பவர் அந்த அலைச்சலையும் விலையில் சேர்க்க வேண்டும்.

நம் உறுப்பினர் ஒருவர், தென் மாவட்ட மளிகைக் கடைக்காரர், 2023-ல் பில் இல்லாமல் பாகங்கள் வாங்கினார். 18 சதவீதம் மிச்சம் என்று சந்தோஷம். பதினான்காம் மாதம் கார்டு செத்தது. சர்வீஸ் சென்டரில் சீரியல் எண்ணைப் பார்த்து, இது வேறு நாட்டுக்கு அனுப்பிய சரக்கு, இங்கே வாரண்டி இல்லை என்று திருப்பிவிட்டார்கள். விற்றவரிடம் கேட்க இவர் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. நஷ்டம் 28,000 ரூபாய். பில் போடாத வியாபாரியால் நம் தொழில் கெடுகிறது என்று கூட்டத்தில் உரக்கப் பேசுபவர் அவர். பெயரைச் சொல்ல மாட்டோம், படித்தால் சிரிப்பார்.

பாகத்துக்கும் செட்டுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதமே. வீட்டுப் பிள்ளை விளையாடும் கம்ப்யூட்டரைக் கடைப் பெயரில் வாங்கி உள்ளீட்டு வரி எடுக்க முடியாது. சொந்த உபயோகத்துக்கு அது கிடையாது. காம்பவுண்டிங் முறையில் இருப்பவருக்கு எதற்குமே கிடையாது. அதிலேயே கடைக் கணக்கையும் போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனை வேண்டாம். பையன் இறக்கும் திருட்டு கேமோடு வைரஸ் வந்தால் கடன் பாக்கிப் பட்டியல் முழுதும் போய்விடும்.

நம் அபிப்பிராயத்தைக் கேட்டால், பக்கத்தில் நல்ல சர்வீஸ் கடை இருந்து, பையனுக்குப் பொறுமையும் இருந்தால் அசெம்பிள் செய்யலாம். முதல் தடவை தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். பிராசசர் உட்காரும் இடத்தில் ஒரு பின் வளைந்தால் வாரண்டியில் ஏற்க மாட்டார்கள். டி.டி.ஆர்.5 ராம் போட்ட செட்டுகள் முதல்முறை ஆன் செய்ததும் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். பயந்து சுவிட்சை அணைக்கக் கூடாது. இதற்கெல்லாம் ஆள் இல்லாத ஊரில் கம்பெனி செட்டே மேல். கூடுதல் பணத்தை வண்டிக் கூலியாக நினைத்துக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும் யு.பி.எஸ். செலவை முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். கடையில் பில் போடும் கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். சுமார் 360 வாட் வரைதான் தாங்கும். பெரிய கார்டு போட்ட செட்டு விளையாட்டின் நடுவே அதற்கு மேல் இழுக்கும். கரண்ட் போன அந்த நொடியே யு.பி.எஸ்.ஸும் அணைந்துவிடும்.