பந்தியில் தெரியும் விசுவாசம்

ஆகஸ்ட் 29-ஆம் தேதி பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி திருத்தலத்தில் கொடியேறுகிறது என்றால் அடையாறு முழுக்க அது தெரிந்துவிடும். காவி உடுத்தி, செருப்பில்லாமல், நகரத்தின் பல மூலைகளிலிருந்தும் நடந்தே வருகிறார்கள். செப்டம்பர் 8-ஆம் தேதி மாதா பிறந்தநாள் வரை எலியட்ஸ் கடற்கரைப் பக்கம் வண்டிகள் நகர்வதே சிரமம். நடந்து வருகிறவர்களில் யார் கிறிஸ்தவர், யார் இந்து என்று யாரும் கேட்பதில்லை. அது இந்த ஊரின் நல்ல வழக்கங்களில் ஒன்று. இன்னொரு பக்கம், காந்தி நகரில் 1875-இல் தொடங்கிய செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளி இருக்கிறது. காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்குமான செயின்ட் லூயிஸ் நிறுவனம் இருக்கிறது. ஆகவே அடையாற்றில் கிறிஸ்தவம் என்றதும் சாதாரணமாக மனதில் வருபவை இரண்டு: பக்தி, சேவை. இரண்டும் உண்மையானவை, பெருமைக்கு உரியவை. என்றாலும் ஒருவருடைய விசுவாசம் அன்றாட வாழ்க்கைக்குள் இறங்கியிருக்கிறதா என்பதை இந்த இரண்டையும் வைத்து முடிவு செய்ய முடியாது. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார், யார் வீட்டில் பெண் எடுக்கிறார், யார் பக்கத்தில் புதைக்கப்படச் சம்மதிக்கிறார் என்பதில்தான் அது தெரியும்.

இது இந்தக் காலத்துச் சமத்துவப் பேச்சைப் பழைய மதத்தின் மேல் ஏற்றிச் சொல்வதாகத் தோன்றலாம். புதிய ஏற்பாட்டைப் புரட்டினால் அப்படித் தோன்றாது. திருச்சபையின் ஆரம்பகாலச் சண்டைகளில் ஒன்று சாப்பாட்டைப் பற்றியது. அந்தியோகியாவில் யூதரல்லாத விசுவாசிகளோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்குப் பயந்து தனியே எழுந்துபோனார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரை நேருக்கு நேர் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் அவரே அதைச் சொல்கிறார். பேதுரு எந்தக் கோட்பாட்டையும் மறுக்கவில்லை, ஜெபத்தை விடவில்லை, யாருக்கும் உதவ மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பந்தி மாறி உட்கார்ந்தார், அவ்வளவுதான். அதையே சுவிசேஷத்துக்குப் புறம்பான நடத்தை என்றார் பவுல். கொரிந்து சபையில் இன்னொரு விதம். கர்த்தருடைய பந்திக்கென்று கூடியபோது வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய பந்தியே இல்லை என்ற கருத்தில் பவுல் அவர்களுக்கு எழுதினார். வழிபாட்டு முறையில் குறையில்லை. பக்கத்தில் இருப்பவரை மதிக்காததால் வழிபாடே செல்லாமல் போனது.

இதே கேள்வியைத் தமிழர் ஒருவர் உலகத்தின் முன் வைத்திருக்கிறார். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர்; ஒய்.எம்.சி.ஏ. ஊழியராகத் தென்னிந்தியா முழுக்கச் சுற்றியவர். 1910-இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். ஆசியாவிலிருந்து வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. அந்தச் சபையில் முப்பத்தைந்து வயது அசரியா எழுந்து, மிஷனரிகளின் தியாகத்தையெல்லாம் நன்றியோடு ஒப்புக்கொண்டுவிட்டு, ஒரு குறையைச் சொன்னார். ஒரே மிஷனில் ஒன்றாக வேலை செய்தும் இந்திய ஊழியரின் வீட்டுக்குப் போகாதவர்கள், அவரைத் தங்கள் மேஜைக்கு அழைக்காதவர்கள் பலர் இருக்கிறார்கள் என்றார். உடைமைகளையும் உயிரையும்கூடக் கொடுத்துவிட்டீர்கள், இனி நண்பர்களைத் தாருங்கள் என்பது அவர் பேச்சின் முடிவு. கேட்டவர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்காமல் என்ன செய்வார்கள்? அங்கே இருந்த பலர் இந்தியாவில் பள்ளி கட்டியவர்கள், ஆஸ்பத்திரி நடத்தியவர்கள். அவர்களிடம் போய் இதெல்லாம் போதாது என்றால் கோபம் வரத்தான் செய்யும். அசரியா கேட்டது இன்னும் கூடுதல் சேவையை அல்ல. கொடுக்கிறவர் மேலேயும் வாங்குகிறவர் கீழேயும் நிற்கும் அந்த அமைப்பே மாற வேண்டும் என்று கேட்டார். இரண்டு ஆண்டு கழித்து, 1912-இல், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக டோர்னக்கல்லுக்கு அவர் அபிஷேகம் பெற்றார்.

இதற்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான வாதம் அசரியாவுக்கும் முன்பே தமிழிலேயே வைக்கப்பட்டுவிட்டது. வைத்தவர் சாதாரணமானவர் இல்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். ஆலயத்தில் எல்லாச் சாதியாரும் கலந்து உட்கார வேண்டும், நற்கருணையை ஒன்றாக எடுக்க வேண்டும் என்று புதிதாக வந்த மிஷனரிகள் 1820-களில் வற்புறுத்தியபோது அவர் கடுமையாக எதிர்த்தார். சாதி என்பது உலக வழக்கு, அது பக்திக்குத் தடையில்லை. வெள்ளைக்காரர்களுக்குள்ளும் அந்தஸ்து வித்தியாசம் இல்லையா என்பது அந்தத் தரப்பின் சாரம். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சாதி வித்தியாசத்தை அறவே கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் ஆலயத்தைவிட்டு வெளியேறினார்கள். சாஸ்திரியாரின் வாதத்தை வெறும் சாதிவெறி என்று தள்ளிவிடுவது எளிது; நியாயமாகாது. அதில் பாதி உண்மை இருந்தது. தன் மேஜைக்கு இந்தியரை அழைக்காத வெள்ளைக்காரர், இந்தியரிடம் சாதியை விடச் சொன்னார். அந்தப் பாதி உண்மையைத்தான் அசரியா எடின்பரோவில் பிறகு பேசினார். ஆனால் இருவரும் போய்ச் சேர்ந்த இடம் வேறு. நீயும் வித்தியாசம் பார்க்கிறாய், ஆகவே என் வித்தியாசத்தைக் கேட்காதே என்றது ஒரு குரல். இருவருமே விட்டுவிட்டு ஒரே மேஜைக்கு வர வேண்டும் என்றது மற்றொரு குரல். அடுத்தவனுடைய பாவம் நம்முடையதற்குச் சாக்காக முடியாது என்பதால் இரண்டாவது குரலே சரி.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பது மனதை வருத்துகிறது. 1919-இல் தரங்கம்பாடியில் பேச்சு தொடங்கி, 1947 செப்டம்பர் 27-இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பேராயர் வேண்டும் என்ற சபைகளும் வேண்டாம் என்ற சபைகளும் ஒன்றானது உலகக் கிறிஸ்தவ வரலாற்றிலேயே பெரிய செய்தி. இருபத்தெட்டு ஆண்டு உழைப்பு அது. அதற்காகப் பாடுபட்ட அசரியா 1945-இன் முதல் நாளே காலமாகிவிட்டதால் அதைப் பார்க்கவில்லை. இங்கிலாந்தில் உண்டான சபைப் பிரிவுகளை நம்மவர்கள் இங்கே அழித்துக் காட்டினார்கள். நாட்டுக்குள்ளேயே உண்டான பிரிவை அழிக்க முடியவில்லை. இன்றைக்கும் வரன் தேடும் விளம்பரங்களில் சபைப் பெயரை ஒட்டியே சாதிப் பெயர் வருகிறது. ஞானஸ்நானம் பெற்றவர், விசுவாசக் குடும்பம், ஜெபிக்கிற பெண் என்றெல்லாம் எழுதிவிட்டு அடுத்த வரியில் சாதி கேட்கிறார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே சுவர் நின்றது. 2008 மார்ச்சில், அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு (பாரிஷ்) கேட்டதையொட்டி எழுந்த மோதலில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு பேர் இறந்தார்கள். மோதிக்கொண்ட இரண்டு பக்கமும் கத்தோலிக்கர்களே.

சாதியை வெளியே பேசினால் கிறிஸ்தவர்களைப் பிடிக்காதவர்களுக்கு ஆயுதம் கொடுத்த மாதிரி ஆகிவிடும், சிறுபான்மைச் சமூகம் இருக்கிற இக்கட்டில் இது தேவையா என்று நல்லெண்ணம் உள்ளவர்களே கேட்பதுண்டு. பயம் நியாயமானது, அதற்காகப் பேசாமல் இருக்க முடியாது. 2003 நவம்பரில் போப் இரண்டாம் ஜான் பால் ரோமில் தம்மைச் சந்தித்த தமிழக ஆயர்களிடமே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. நாட்டிலுள்ள சுமார் 1.9 கோடி கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்பது அதில் வந்த கணக்கு. ஆயர்களே எழுதிவிட்ட பிறகு மூடிவைப்பதால் யாருக்கு லாபம்? மூடிவைத்ததால் உண்டான நஷ்டத்துக்கு ஒரு வழக்கே சாட்சி. சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த சூசை என்ற தொழிலாளி, ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். அவரைப் போன்றவர்களுக்கு 1980-களின் தொடக்கத்தில் அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு மட்டும் இல்லை. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, புதிய மதத்துக்குள்ளும் அதே கடுமையோடு இழிவு தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டும் என்று சொல்லி 1985-இல் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. எங்களுக்குள் எல்லாரும் சமம் என்று சபை மேடையில் சொல்லிவந்த வார்த்தை, வெயிலில் உட்கார்ந்து தைத்த அந்த மனிதருக்கு நிழல் கிடைக்காமல் போகவே உதவியது. வாழ்ந்து காட்டாத சமத்துவத்துக்கு யாரோ ஓர் ஏழை விலை கொடுக்கிறார்.

கல்யாணம் அவரவர் சொந்த விஷயம், அதில் சபை எப்படித் தலையிடும் என்ற கேள்வியும் வரும். கட்டாயக் கல்யாணத்தை யாரும் கேட்கவில்லை. ஒரு பையன் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுப்பது சொந்த விஷயம். ஒரு சபையில் தலைமுறை தலைமுறையாக எல்லாத் தேர்வும் ஒரே கோட்டுக்குள் நின்றால் அது சபையின் விஷயம். அதைவிட நுட்பமான ஆட்சேபம், சேவையே அன்புதானே, அதை ஏன் குறைத்துப் பேச வேண்டும் என்பது. குறைத்துப் பேசவில்லை. 1900-இல் வேலூரில் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனை இல்லாத தமிழ்நாட்டை நினைத்துப் பார்க்க முடியுமா? சேவையில் ஒரு வசதி இருக்கிறது, அவ்வளவுதான்: செய்கிறவர் எந்த இடத்தையும் இழக்க வேண்டியதில்லை. நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார், மாணவர் தேர்ச்சி பெற்றுப் போவார். நண்பரோ உறவினரோ போகமாட்டார்கள். பதிலுக்கு நம்மைக் கேள்வி கேட்பார்கள். இயேசு சீஷரின் கால்களைக் கழுவ வந்தபோது, கூடவே கூடாது என்று தடுத்தவரும் அதே பேதுருதான். மேலே நிற்கிறவர் கீழே இறங்குவதை ஏற்றுக்கொள்வதும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அடையாற்றில் இந்தச் சோதனை மிக அருகில், சமையலறைக்குள்ளேயே நடக்கிறது. காந்தி நகர், சாஸ்திரி நகர், பெசன்ட் நகர் வீடுகளில் பாத்திரம் தேய்க்கவும் சமைக்கவும் வருகிற பெண்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. வேலைக்காரம்மாவுக்குத் தனி டம்ளர் வைப்பதும், தரையில் உட்காரச் சொல்வதும், சில அடுக்குமாடிகளில் வேறு லிஃப்டில் போகச் சொல்வதும் இந்த நகரத்தில் எல்லாருக்கும் தெரிந்த பழக்கம். கிறிஸ்தவ வீடுகள் அதற்கு விலக்கு என்று சொல்ல வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை இன்னும் சிக்கல். வீட்டுக்காரர் ஆராதனை முடிந்து விருந்தாளிகளோடு வரும்போது பிரியாணி தயாராக இருக்க வேண்டுமென்றால், அதைச் சமைத்தவர் காலையில் எந்த ஆலயத்துக்குப் போயிருப்பார்? பெல்ஜியத்தில் பிறந்த கன்னியர் ஜீன் தெவோஸ் 1985-இல் தொடங்கிய தேசிய வீட்டுப் பணியாளர் இயக்கம், இந்தப் பெண்களுக்கு உதவிப் பொருள் கொடுப்பதோடு நிற்காமல் அவர்கள் சங்கமாகச் சேரவும் விடுப்பும் கூலியும் கேட்கவும் துணை நின்றது. 2007-இல் தமிழக அரசு வீட்டுப் பணியாளர் நல வாரியம் அமைத்தது. கேட்கிற இடத்தில் ஒரு பெண் நிமிர்ந்து நிற்பதைப் பொறுத்துக்கொள்வது, பழைய துணியைக் கொடுப்பதைவிடப் பெரிய விஷயம்.

பவுல் பிலேமோனுக்கு எழுதிய சின்ன நிருபம் முழுக்க இந்த விஷயம்தான். வீட்டைவிட்டுப் போன அடிமை ஒநேசிமுவை எஜமானிடமே திருப்பி அனுப்புகிறார். இனி அடிமையாக அல்லாமல் பிரியமான சகோதரனாக, என்னையே ஏற்றுக்கொள்வது போல ஏற்றுக்கொள் என்று கேட்கிறார். விடுதலை செய் என்று பவுல் பச்சையாக எழுதவில்லை, அதனால் பிற்காலத்தில் அடிமை முறையை ஆதரித்தவர்களும் இதே நிருபத்தைக் காட்டினார்கள் என்பது உண்மை. அப்படிக் காட்டியவர்கள் அதன் பிற்பகுதியை விட்டுவிட்டுப் படித்தவர்கள். ஒநேசிமு உனக்கு ஏதாவது தர வேண்டியிருந்தால் என் கணக்கில் வைத்துக்கொள், நான் தீர்க்கிறேன் என்று பவுல் தன் கைப்படவே எழுதிக்கொடுக்கிறார். கூடவே, எனக்கு ஓர் அறை ஒழித்து வை, நேரில் வருவேன் என்கிறார். வந்து பார்க்கும்போது ஒநேசிமு எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அது பிலேமோனுக்கும் தெரியும்.