முனை எங்கே, கண்ணே?

விருந்தாளி வந்தவுடன் குழந்தையைக் கூப்பிட்டு, படத்தை நீட்டி, "இது என்ன, சொல்லு பார்க்கலாம்!" என்று கேட்காத தாய்மார்கள் நம்மில் எத்தனை பேர்? முக்கோணத்தைப் பார்த்துச் 'சதுரம்' என்று சொல்லிவிட்டால் அம்மாவின் முகம் சுருங்கிவிடும். பாவம், குழந்தைக்கு அழுகைதான் வரும்.

இந்தப் பரீட்சையைக் கடைசியில் வைத்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். இத்தாலி தேசத்து டாக்டரான இவர் 1939 நவம்பரில் சென்னைக்கு வந்து, அடையாற்றில் ஏறக்குறைய 300 பேருக்கு ஆசிரியப் பயிற்சி அளித்தார். அவர் முறையில் வட்டமும் சதுரமும் முக்கோணமும் குமிழ் வைத்த மரத் துண்டுகள். குழந்தை துண்டின் ஓரத்தை இரண்டு விரலால் சுற்றித் தடவிவிட்டு, அதற்குரிய குழியில் பொருத்தும். தப்பாக வைத்தால் துண்டு உட்காராது. நாம் வாய் திறக்கவே வேண்டாம்!

பெயர் அப்புறம். முதலில், "இது வட்டம்" என்று சொல்லிக் கொடுப்பது. பிறகு பல நாள், "வட்டத்தை எடு, சதுரத்தை என் மடியில் வை" என்று விளையாட்டு. அது நன்றாகப் பழகிய பின்தான், "இது என்ன?" நடுவிலுள்ள அந்த விளையாட்டைத்தான் நாம் விழுங்கிவிடுகிறோம்.

மரப் பெட்டிக்குச் செலவழிக்க வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையே போதும். ஆனால் முக்கோணத்தை ஒல்லியாகவும் குட்டையாகவும் வெட்டுங்கள். தலைகீழாகவும் வைத்துக் காட்டுங்கள். கூரை மாதிரி நிற்பதையே பார்த்த குழந்தை, திருப்பி வைத்தால் 'இது முக்கோணமே இல்லை' என்று சாதிக்கும். லட்டைக் காட்டி 'வட்டம்' என்று சொல்லிவிடாதீர்கள். அது உருண்டை. தமிழில் தனித்தனி வார்த்தை இருக்கும்போது ஏன் குழப்ப வேண்டும்? அப்பளம் வட்டம்தான் - பொரிப்பதற்கு முன்பு!

வெளியூர்ப் பயணத்திலும் இந்த விளையாட்டு நடக்கும். சங்கரன்கோவிலுக்குப் போகிறீர்களா? ஆடித் தபசுக் கூட்டத்தில் வேண்டாம். சந்தடியில்லாத ஒரு நாள் கோமதி அம்மனைத் தரிசித்துவிட்டு, வெளியே நின்று ஒன்பது நிலைக் கோபுரத்தைக் காட்டுங்கள். "முக்கோணம்!" என்று கத்தும் குழந்தை. மறுக்காதீர்கள். "முனை எங்கே, கண்ணே?" என்று மட்டும் கேட்டு, ஆகாயத்தில் விரலால் ஓரத்தை வரையச் சொல்லுங்கள். சரிந்து ஏறும் விரல் உச்சியில் முனையைத் தேடும். கிடைக்காமல் கலசங்களின் ஓரமாகப் படுக்கையாக ஓடி, மறுபக்கம் இறங்கும். பக்கம் மூன்றல்ல, நான்கு! சரிவகம் என்ற பெயரெல்லாம் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்த ஊர் பருத்திச் சேலைக்கும் பேர் போனது. கட்டம் போட்ட சேலையாகப் பிரிக்கச் சொல்லி, எந்தக் கட்டம் சதுரம், எது நீண்டது என்று விரல் வைத்துத் தேடச் சொல்லுங்கள். நீங்கள் நிதானமாகச் சேலை பொறுக்கவும் நேரம் கிடைக்கும்!