வெபர் சுவாமியும் அவர்தம் தோழரும்

மட்டுநகருக்குப் புதிதாக வந்தவர் எவரேனும் “வெபர் எங்கே?” என்று வினவினால், வண்டிக்காரர் மறுகேள்வி கேளாமலே அவரை ஒரு விளையாட்டு மைதானத்தின் வாயிலில் இறக்கிவிடுவார். ஆளைத் தேடி வந்திருக்கலாம் என்னும் ஐயமே அவருக்கு எழாது. துறவி ஒருவரின் பெயர் ஊரோடு இவ்வாறு ஒட்டிக்கொள்ளுதல் எளிதில் நிகழ்வதன்று.

இவ்வாவிக் கரைக்கு வந்த யேசு சபைத் துறவியர் பலர். திருகோணமலை மறைமாவட்டம் 1893இல் அமைந்த பின்னர் பிரெஞ்சு நாட்டார் வந்தனர். புளியந்தீவிலுள்ள புனித மிக்கேல் கல்லூரியை வளர்த்தெடுத்த பொனெல் சுவாமி அவர்களுள் ஒருவர். இரண்டாம் உலக யுத்தத்தின் பின் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பகுதியிலிருந்து ஒரு கூட்டத்தார் வந்தனர். ஹரல்ட் ஜோன் வெபர், யூஜின் ஹேபர்ட், பெஞ்சமின் மில்லர் ஆகியோர் அக்கூட்டத்தினரே. மூவரும் கற்றவர், மூவரும் உழைத்தவர். அவ்வாறிருக்க, வெபரின் பெயர் மட்டும் கத்தோலிக்கரல்லாதார் நாவிலும் இத்துணை இயல்பாக வழங்குவானேன்?

மிக்கேல் கல்லூரி மாணவருக்கு விளையாட்டுப் பயிற்சி அளித்தவர் வெபர் என்பதே அதற்கு விடை என எண்ணுகிறோம். பிரசங்கத்தைக் கேட்பதற்குக் கோவிலுக்குள் வரவேண்டும். பயிற்றுநரின் விசிற் சத்தத்தைக் கேட்பதற்கு வேலியருகே நின்றாற் போதும். இந்துப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஓடுகின்ற திடலில் எவரும் மதம் விசாரிப்பதில்லை. மைதானத்துக்கு வேறு பெயர் சூட்டியிருப்பின் அவர் புகழ் பழைய மாணவரோடு நின்றிருக்கும் என்று வாதிப்போரும் இருக்கலாம். அதனை நாம் முற்றாக மறுக்கமாட்டோம்.

ஆயினும் புகழை மைதானத்தை வைத்தே அளத்தல் முறையாகுமா? மில்லர் சுவாமி 1948இல் வந்தவர். 2019 ஜனவரி முதலாந் திகதி, தமது தொண்ணூற்று மூன்றாம் வயதில், மட்டக்களப்பிலேயே கண்மூடினார். யுத்த காலத்தில் சமாதானக் குழுவோடு சேர்ந்து, காணாமற்போன பிள்ளைகளைத் தேடி அலைந்த தாய்மாருக்குத் துணைநின்றவர் அவர். அந்தத் தாய்மார் அவர் பெயரை மைதானத்திலே கூவப்போவதில்லை. மகனின் பெயரைச் சொல்லும்போதே அவர் பெயரும் அவர்களுக்கு நினைவில் வரும்.

ஹேபர்ட் சுவாமியும் விளையாட்டுப் பயிற்றுநர்தாம். கூடைப்பந்தாட்டத்தில் வல்லவர், திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் பயிற்சி அளித்தவர். ஆதலால் விளையாட்டு ஒன்றே புகழைத் தருமெனின், அவரும் வெபருக்குச் சமமாகவே நின்றிருத்தல் வேண்டும். 1990 ஆகஸ்ட் 15, தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாள். எங்கும் வன்செயல் மூண்டிருந்த வேளையில் வாழைச்சேனையிலிருந்து ஓர் இளைஞரோடு மட்டுநகர் நோக்கிப் புறப்பட்டார். இருவரும் வந்து சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவர் வரவேண்டியிருந்த வீதி செங்கலடியையும் ஏறாவூரையும் கடந்து இன்றும் மட்டுநகருக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.