இணையவெளியில் ஒரு முகவரி

ஒருவரைப் பற்றி அறிய விரும்பியோர் முன்பெல்லாம் அவருடைய ஊருக்குச் சென்று அண்டை வீட்டாரிடம் கேட்டனர். இன்று அவ்வினா தேடுபொறியிடம் கேட்கப்படுகிறது. பணிக்கு ஆள் தேர்வோரில் பலர் நேர்காணலுக்கு முன்பே விண்ணப்பித்தவரின் பெயரை இணையத்தில் தேடிப் பார்க்கின்றனர். அங்குக் கிடைக்கும் விடையே ஒருவரது இணைய முகவரியாகிறது.

தேடுபொறி இயங்கும் முறை

தேடுபொறியின் நிரல்கள் இணைப்புகளைப் பின்தொடர்ந்து பக்கம் பக்கமாகப் படிக்கின்றன. நூலின் இறுதியில் அமையும் சொல்லடைவைப் போல அப்பக்கங்களின் சொற்களை அட்டவணைப்படுத்துகின்றன. ஒருவர் வினவும்போது, வினாவிற்குப் பொருந்தும் பக்கங்களை வரிசைப்படுத்தித் தருகின்றன. பிற பக்கங்கள் ஒரு பக்கத்திற்கு இணைப்பு அளித்திருப்பதும் அவ்வரிசையை உறுதிசெய்யும் கூறுகளுள் ஒன்று. ஆகவே, தற்புகழ்ச்சியைவிடப் பிறருக்குப் பயன்படும் பணியே நிலைத்த முகவரியைத் தரவல்லது.

பணியே அடையாளம்

1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக எழுதிவந்த இயங்குதளம் ஒன்றைப் பற்றி இணையவழிக் குழுவொன்றில் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. அதில் எவ்வெக்கூறுகள் அமைய வேண்டும் எனப் பிறரிடம் கருத்துக் கேட்டார். பின்னர் அதன் மூல நிரலையும் வெளியிட்டார். பலர் அதனைத் திருத்தி வளர்த்தனர். லினக்ஸ் எனப் பெயர்பெற்ற அதன் கருநிரலே இன்று ஆண்ட்ராய்டு திறன்பேசிகளுக்கு அடிப்படையாக உள்ளது.

தமிழிலும் இதற்குச் சான்றுண்டு. இலங்கையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன், 2003ஆம் ஆண்டு முதல் தமிழ் விக்கிப்பீடியாவில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். அங்கு ஒவ்வொரு திருத்தமும், செய்த கணக்கின் பெயரோடும் நேரத்தோடும் வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகிறது. தம் ஊரின் ஏரியைப் பற்றி நம்பத்தகுந்த சான்றுகளுடன் ஒரு பத்தி சேர்க்கும் மாணவரது உழைப்பும் அவ்வாறே பதிவாகும்.

அழியாத் தடம்

நற்பணி நிலைப்பதைப் போலவே சினத்தில் எழுதிய சொல்லும் நிலைத்துவிடுகிறது. எழுதியவர் நீக்கினாலும், அதன் திரைப்பிடிப்பு பிறரிடம் இருக்கக்கூடும். 1996இல் தொடங்கப்பட்ட இணைய ஆவணக் காப்பகம் போன்றவை பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கின்றன. பொருத்தமற்றுப்போன தகவல்களைத் தம் பெயரின் தேடல் முடிவுகளிலிருந்து நீக்கக் கோரலாம் என 2014இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், அவ்வாறு நீக்கப்படுவது தேடல் முடிவே. மூலப்பக்கம் அப்படியே இருக்கும்.

அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என 2017இல் இந்திய உச்சநீதிமன்றம் அறிவித்தது. 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதோரைக் குழந்தைகளாகக் கருதி, அவர்களின் தரவுகளைக் கையாளப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் தேவை என்கிறது. சட்டம் காவல் நிற்பினும் முதற்காவல் பயனரே. வலிமையான கடவுச்சொல், இருபடிச் சரிபார்ப்பு, வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் பொதுவெளியில் இடாமை ஆகியன அக்காவலின் கூறுகள்.

முகவரியை அமைத்தல்

பெயர் தெளிவாக விளங்கும் மின்னஞ்சல் முகவரி முதற்படி. செய்த பணிகளைத் தேதியுடன் ஓரிடத்தில் தொகுத்தல் அடுத்த படி. அது கட்டுரையாகவோ நிரலாகவோ ஓவியமாகவோ இருக்கலாம். பிறர் ஆக்கத்தை எடுத்தாளும்போது அவர் பெயரைக் குறிப்பிடுவதும், இல்லாத தகுதியைக் கூறாதிருப்பதும் இன்றியமையாதவை. ஒருமுறை பொய்யென அறியப்பட்டால் மெய்யும் ஐயத்திற்குள்ளாகும்.

பரிந்துரைக்க ஆளில்லாத சிற்றூர் மாணவருக்கும் இணையம் ஒரு வாயிலைத் திறந்து வைத்துள்ளது. அவ்வாயிலில் அவருக்காகப் பேசுவது அவர் செய்துவைத்த பணியே.