குவேனி அன் கோ: புத்தளக் கரையின் துப்பறியும் ஜோடி

ஓநாய் மனிதர் கதை என்று வந்தவர்களுக்கு முதலிலேயே ஒரு கசப்புச் செய்தி: இலங்கையில் ஓநாய் கிடையாது. வில்பத்துக் காட்டில் சிறுத்தை உண்டு, கரடி உண்டு, நரி உண்டு. ஓநாய்க்கு மட்டும் இந்தத் தீவில் குடியுரிமை இல்லை. ஆகவே பௌர்ணமி இரவில் உடம்பெல்லாம் மயிர் முளைத்து ஊளையிடும் கட்டழகனைக் கற்பிட்டியிலோ உடப்பிலோ தேடி அலையாதீர்கள்.

ஆனால் நாயாக உருமாறி வரும் பெண் இருக்கிறாள்! எழுநூறு பேர் ஒவ்வொருவராகக் காணாமற்போகிறார்கள். காலடித் தடத்தைப் பார்த்து ஒருவன் துப்புத் துலக்குகிறான். துப்பறிந்தவனும் சந்தேகநபரும் அன்றைக்கே காதலர்களாகி, அன்றிரவே கைகோர்த்து அடுத்த வேட்டைக்குக் கிளம்புகிறார்கள். இத்தனையையும் எழுதியவர் யார் தெரியுமா? ஒரு பிக்கு. மகாநாம தேரர், ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முன், பாளி மொழியில். அவருடைய மகாவம்சத்தின் ஏழாம் அத்தியாயத்தை அரசியலாகவே படித்துப் பழகிவிட்டோம். ஒருமுறை திரைக்குப் பின்னால் போய் எட்டிப் பாருங்கள், சிரிப்பும் சிலிர்ப்பும் சேர்ந்தே வரும்.

படப்பிடிப்புத் தளம் எது என்பதில் ஊருக்கு ஊர் வழக்கு. அந்த எழுநூறு பேரின் தலைவனான இளவரசன் விஜயன் கரையிறங்கிய தம்பபண்ணி எங்களுடையதுதான் என்று சொல்லப் பல இடங்கள் தயார். நான் குதிரைமலைக் கட்சி. புத்தளத்திலிருந்து வடக்கே, எழுவன்குளம் வாசலால் வில்பத்துக்குள் நுழைந்து, ஜீப்பில் குலுங்கிக் குலுங்கிக் கடலோரம் போனால், செம்பு நிற மண் சரிந்து நீல நீரில் இறங்கும் அந்த முனை வரும். செட் போட வேண்டிய தேவையே இல்லை. காட்டுக்குள்ளே காளிவில்லுப் பக்கம் இடிந்து கிடக்கும் கல்தூண்களைக் காட்டி ‘குவேனி மாளிகை’ என்கிறார்கள். தொல்லியல்காரர் எவராவது அதை ஒப்புக்கொள்வாரா என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு அந்தத் தூண்களைப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது முதல் காட்சி. கப்பலிலிருந்து இறங்கிய கூட்டம் களைத்துக் கிடக்கிறது. மரத்தடியில் ஒரு சந்நியாசி. அவர் உண்மையில் உப்புலவண்ணன் என்ற தெய்வம், அதாவது மாறுவேடம் நம்பர் ஒன்று. “இந்தத் தீவில் மனிதரே இல்லை” என்று சொல்லி, கமண்டலத்து நீரைத் தெளித்து, எல்லோர் கையிலும் நூல் கட்டிவிடுகிறார். அடுத்த நிமிடம் ஒரு பெட்டை நாய் வருகிறது. நம் கதாநாயகி குவேனியின் பணிப்பெண்ணான யக்கினிதான் (உருமாற வல்ல யக்கர் இனத்துப் பெண்) அது. ஊர் இருந்தால்தானே நாய் இருக்கும் என்று கணக்குப் போட்டு, இளவரசன் தடுத்தும் கேளாமல் ஒருவன் அதன் பின்னால் போகிறான். பேய்ப்படத்தில் முதலில் சாகிறவன் எப்போதும் இப்படித்தான்.

நாய் கொண்டுபோய் விட்ட இடத்தில் ஒரு தாமரைத் தடாகம். கரையில் துறவிக் கோலத்தில் ஒருத்தி நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். குவேனியின் அறிமுகக் காட்சி இது! கோரைப்பல் இல்லை, விரித்த கூந்தல் இல்லை, கையில் நூலும் தொழிலும். விஜயன் வருமுன்பே இத்தீவில் நெசவு இருந்ததற்கு இந்தக் காட்சியைச் சாட்சிக்கு இழுப்பவர்கள் உண்டு. என் கவனமெல்லாம் வேறிடத்தில்: அவள் கையிலும் நூல், அவனைக் காப்பதும் நூல். குளித்துக் கரையேறியவனை அவள் ஒரு சொல்லால் அசையாமல் நிறுத்திவிடுகிறாள். தின்னத்தான் முடியவில்லை. நூலைக் கழற்று என்று கெஞ்சுகிறாள், அவன் மறுக்கிறான், கோபத்தில் ஒரு கிடங்கில் தூக்கிப் போடுகிறாள். எழுநூறு பேருக்கும் இதே உபசாரம்.

விஜயன் வருகிறான், ஐந்து ஆயுதத்தோடு. ஆனால் அவன் முதலில் பயன்படுத்துவது கண்ணை. தடாகத்தில் இறங்கிய தடம் இருக்கிறது, ஏறிய தடம் ஒன்றுகூட இல்லை. “என் ஆட்களைக் கண்டீர்களா, அம்மணி?” என்று பணிவாகக் கேட்கிறான். “ஆட்கள் எதற்கு இளவரசே, நீர் குடித்து நீராடுங்கள்” என்கிறாள் அவள். அடடா, மாட்டிக்கொண்டாள்! இளவரசன் என்று இவளுக்கு யார் சொன்னது? அகதா கிறிஸ்டி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளும் துப்பு இது. அடுத்த வரியில் கழுத்தில் கயிறு, கூந்தல் இடக்கையில், வாள் வலக்கையில். இந்த இடம் எனக்கு உவப்பில்லை. பெண்ணின் கூந்தலைப் பற்றிய பிறகு பூக்கும் காதலை இன்றைக்கு எந்த வாசகியும் ஏற்கமாட்டாள்.

ஆனாலும் கதை நில்லாமல் ஓடுகிறது. சத்தியம் வாங்கிக்கொண்டு விஜயன் அவளை விடுகிறான், ஆட்களும் திரும்பி வருகிறார்கள். பசி என்கிறார்கள். முன்பு தான் தின்று தீர்த்த வணிகர்களின் கப்பலில் மிஞ்சிய அரிசியை அவள் காட்டுகிறாள். (யாரும் ஒரு நொடி தயங்கினதாகத் தேரர் எழுதவில்லை.) சமைத்த சோற்றில் முதல் பங்கை விஜயன் அவளுக்குக் கொடுக்க, அவள் மகிழ்ந்துபோய்ப் பதினாறு வயதுப் பெண்ணாக, நகை நட்டோடு மாறுகிறாள். மரத்தடியில் கட்டில் வருகிறது, திரை வருகிறது, மேலே விதானம் வருகிறது. இருவரும் உள்ளே. எழுநூறு பேரும் சுற்றிப் படுத்திருக்கிறார்கள்! தேனிலவுக்கு இப்படியொரு கூட்டத்தை வேறெந்தக் காதல் கதையிலும் நான் பார்த்ததில்லை.

நடுஇரவில் பாட்டும் மேளமும் கேட்கின்றன. அது சிரீசவத்து நகரில் யக்கர்களின் திருமணம், ஏழு நாள் விழா என்று அவள் காதோடு சொல்கிறாள். இந்தச் சந்தர்ப்பம் இனி வாய்க்காது என்றும் சொல்கிறாள். கண்ணுக்குத் தெரியாதவர்களை எப்படி வெட்டுவது என்பது அவன் கேள்வி. அவர்கள் இருக்கும் இடத்தில் நான் குரல் கொடுக்கிறேன், குரல் வரும் திசையில் நீங்கள் வீசுங்கள், மற்றதை என் சக்தி பார்த்துக்கொள்ளும் என்பது அவள் பதில். புலனாய்வு முழுக்க அவளுடையது, வாள் மட்டும் அவனுடையது. விடியும்போது யக்க அரசனின் உடையை விஜயன் அணிந்துகொள்கிறான்.

இதே வேலைப் பங்கீட்டை இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் பார்க்கலாம். எட் வாரன், லொரைன் வாரன் தம்பதி 1952இல் அமானுஷ்ய ஆய்வுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். மனைவி தனக்கு மறைபொருள் தெரியும் என்றார், கணவர் தன்னைப் பேயியல் வல்லுநர் என்றார். இங்கிலாந்தின் சவுத்எண்ட் ஊரில் ஓநாய் புகுந்ததாகச் சொல்லப்பட்ட ஒருவரின் வழக்கையும் எடுத்து 1991இல் ‘வேர்வுல்ஃப்’ என்று புத்தகமே போட்டார்கள். ‘தி கான்ஜுரிங்’ படங்களில் வேரா ஃபார்மிகாவும் பேட்ரிக் வில்சனும் உருகி உருகி நடிப்பது இந்த ஜோடியாகத்தான். அவர்கள் சொன்னவற்றில் எவ்வளவு உண்மை என்று சந்தேகிகள் பிய்த்து உதறியிருக்கிறார்கள், எனக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் அவள் காண, அவன் களத்தில் இறங்க என்ற ஃபார்முலாவுக்கு எங்கள் கடற்கரைதான் சீனியர்.

சரி, எழுத்தறைக்குள் போவோம். எனக்குத் தலைகால் புரியாத குஷி இங்கேதான். மகாவம்சத்துக்கு முந்திய தீபவம்சத்திலும் விஜயன் வருகிறான், ஆனால் குவேனி இல்லை! கதாநாயகி பின்னால் சேர்க்கப்பட்டவள். எங்கிருந்து வந்தாள்? புத்த ஜாதகக் கதைகளில் 196ஆவதான வலாகஸ்ஸ ஜாதகத்தைத் திறந்தால் பாதிக் கதை அங்கே தயாராக இருக்கிறது. அதே சிரீசவத்து, அதே யக்கினிகள், கப்பலுடைந்து கரையொதுங்கும் ஐந்நூறு வணிகர்கள். கல்யாணி ஆற்றிலிருந்து நாகதீபம் வரை அந்த யக்கினிகள் கரையெல்லாம் இரை தேடுவார்களாம். களனி ஆறு ஒரு முனை, யாழ்ப்பாணத்து நயினாதீவு மறுமுனை என்று வைத்தால் சிலாபமும் புத்தளமும் கற்பிட்டியும் நட்டநடுவில் வந்து உட்காருகின்றன. மனிதர் வாழும் ஊர் என்று நம்பவைக்க யக்கினிகள் உழவரையும் மாடுகளையும் நாய்களையும் தோன்றச் செய்வார்கள் என்கிறது ஜாதகம். நாய்! அந்தப் பின்னணிப் பொருளைத் தேரர் எடுத்துத் துடைத்து, முக்கியக் காட்சிக்குக் கொண்டுவந்துவிட்டார் என்றே நினைக்கிறேன். ஜாதகத்தில் பாதிப் பேரைக் காப்பாற்றுவது ஒரு பறக்கும் குதிரை. கிட்டத்தட்ட மகாவம்சக் காலத்திலேயே, சிங்களன் என்ற வணிகனை நாயகனாக்கிய இன்னொரு வடிவத்தை அஜந்தாவின் 17ஆம் குகைச் சுவரில் வண்ணத்தில் தீட்டிவிட்டார்கள்.

கதாநாயகனுக்கும் மிருக இரத்தம் இருக்க வேண்டும் என்பது இவ்வகைக் கதைகளின் எழுதாத விதி. விஜயன் பாஸ்! அவனுடைய தாத்தா சாட்சாத் சிங்கம், அப்பா சிங்கபாகு சிங்கத்துக்கும் இளவரசிக்கும் பிறந்தவன். எதிரிவீர சரத்சந்திர 1961இல் அந்தத் தந்தை மகன் மோதலை ‘சிங்கபாகு’ நாடகமாக்கினார். சிங்களத்தில் அதற்கு இணையான மேடைப் புகழ் பெற்றவை சிலவே. இரண்டே ஆண்டில் ஹென்றி ஜயசேன ‘குவேனி’ போட்டார். தமிழில் நமக்கும் ஒன்று வாய்த்திருக்கலாம், ஏனென்றால் குதிரைமலையில் தமிழர் சொல்வது வேறு கதை. அல்லிராணி அங்கே அரண்மனை கட்டி முத்துக்குளிப்பை ஆண்டாள் என்பது கரையோர வழக்கு. அல்லி அரசாணி மாலையின் அல்லியும் இவளும் ஒருத்தி என்று வைத்துக்கொண்டால், அவள் படுக்கைக்கு அர்ச்சுனன் வருவது பாம்பு உருவில்! ஒரே முனையில் நாயும் பாம்பும். இந்த மண்ணுக்கு என்னவோ இருக்கிறது.

நரியை விட்டுவிட்டால் அது கோபிக்கும். கூட்டத் தலைவனான நரியின் மண்டையில் சிறு கொம்பு முளைக்கும், அது கிடைத்தவனுக்கு நினைத்ததெல்லாம் நடக்கும், தொலைந்தாலும் தானாகத் திரும்பி வரும் என்ற நம்பிக்கையை எமர்சன் டெனன்ட் 1861இல் எழுதிய இலங்கை விலங்கு நூலில் ‘நரிக்கொம்பு’ என்ற நம் சொல்லாலேயே பதிந்திருக்கிறார். ஓநாய் இல்லாத ஊரில் நரி செய்த ஓவர்டைம்.

இனி, என் கோபம். ஜீவஹத்தன், திசாலை என்று இரு பிள்ளைகள் பிறந்த பின், பட்டாபிஷேகத்துக்குச் சத்திரியப் பெண் வேண்டும் என்று விஜயன் மதுரைக்குத் தூது அனுப்புகிறான். பாண்டியன் மகள் கப்பலில் வர, பிள்ளைகளை விட்டுவிட்டு நீ போகலாம் என்று குவேனியிடம் சொல்கிறான். அவள் பிள்ளைகளோடு தன் இனத்தாரின் லங்காபுரத்துக்குப் போகிறாள். அங்கே உளவாளி என்று எண்ணி ஒரு யக்கன் ஒரே அடியில் கொன்றுவிடுகிறான். வழக்கையெல்லாம் முடித்துக் கொடுத்தவளுக்குக் கடைசியில் கிடைத்த பட்டம் உளவாளி! தேரரிடம் எனக்கு இது ஒன்றுதான் மனத்தாங்கல்.

மலைநாட்டார் இந்த முடிவை ஒப்பவில்லை, இரண்டாம் பாகம் எடுத்தார்கள். கண்டி நடனத்தின் தாய்ச்சடங்கான கொஹொம்ப கங்காரியவின் கதைப்படி, குவேனிக்குத் தந்த சத்தியம் தவறியதற்கான பழி விஜயனைத் தாண்டி அடுத்த அரசன் பண்டுவாசுதேவன்மேல் ‘திவிதோஷம்’ என்று இறங்குகிறது. திவி என்றால் சிறுத்தை, குவேனியின் சினம் இப்போது அந்த உருவில். மருந்தெல்லாம் தோற்றபின், தீர்க்க வல்லவன் கடலுக்கு அப்பாலுள்ள மலையராசன் ஒருவனே என்று தெரிகிறது. அவனை அழைத்துவர ராகு காட்டுப்பன்றியாக மாறி அவன் தோட்டத்தை உழுது தள்ளுகிறான். பன்றியைத் துரத்திக்கொண்டே மலையராசன் இலங்கைக்கு வந்து சேர, பன்றி ஹந்தானையில் கல்லாகிவிடுகிறது. மலையராசன் ஆடிப் பாடி அரசனின் நோயைத் தீர்த்த விதம் ஒரு முழு இரவுக் கூத்து. அது கண்டிக்காரர் சொல்ல வேண்டிய கதை, புத்தள எல்லைக்கு வெளியே.